விலை மாறினாலும் பழைய கணக்கு மாறலாகாது

அதிகாலையில் பாலை அளந்து ஊற்றிவிட்டு வீடு திரும்பும் விவசாயி, சங்கத்தின் கணக்கை நம்பியே திரும்புகிறார். அந்நம்பிக்கையே கூட்டுறவின் முதற்பெரும் மூலதனமாகும். நாள்வழியும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று கணினியின் தரவுத்தளம் வந்துவிட்டது. எனினும், விலை மாறுங்காலத்தில் அதனைக் கையாளும் முறை அறியாமையால் வீண் பிணக்குகள் எழுவதை நமது சுற்றுப்பயணங்களில் காண்கிறோம்.

தவறு நேரும் விதம்

ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 5-11-2022 முதல் லிட்டருக்கு ரூ. 32-லிருந்து ரூ. 35 ஆயிற்று. நாள்தோறும் 10 லிட்டர் ஊற்றும் உறுப்பினர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாலின் தரத்திற்கேற்பத் தொகை மாறுமெனினும், விளக்கத்தின் பொருட்டு முழு விலையையே கொள்வோம். அக்டோபரில் 310 லிட்டருக்கு அவர் பெற்றது ரூ. 9,920. சங்கத்தின் கணினியில் பசும்பாலுக்கு ஒரே விலைக் கட்டம் இருந்து, அதில் 32-ஐ அழித்து 35 என எழுதிவிட்டால், அதே அக்டோபர்க் கணக்கைப் பின்னர் அச்சிடும்போது ரூ. 10,850 என்று வரும். "மீதி ரூ. 930 எங்கே?" என்று உறுப்பினர் கேட்பது நியாயமே. காசு எதனையும் எவரும் தொடவில்லை. ஆயினும் பழி செயலாளரைச் சேரும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, விலைக்கென்று தனி அட்டவணை வேண்டும். பொருள், விலை, அவ்விலை நடைமுறைக்கு வரும் நாள் ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும்:

பசும்பால் – ரூ. 32 – 19-8-2019 முதல்
பசும்பால் – ரூ. 35 – 5-11-2022 முதல்
பசும்பால் – ரூ. 38 – 18-12-2023 முதல்

புதிய விலை வந்தால் புதிய வரி சேர்க்க வேண்டுமேயன்றிப் பழைய வரியை அழித்தலாகாது. பால் ஊற்றிய நாளிலோ அதற்கு முன்போ தொடங்கிய விலைகளுள் கடைசியானதே அந்நாளின் விலை. இவ்வாறு கணக்கிட்டால், 2022 நவம்பரில் முதல் நான்கு நாட்களுக்கு ரூ. 1,280, எஞ்சிய 26 நாட்களுக்கு ரூ. 9,100, ஆக ரூ. 10,380 வரும். மாதம் முழுவதும் ரூ. 35 எனக் கொண்டால், அவ்வோர் உறுப்பினர் கணக்கிலேயே சங்கத்திற்கு ரூ. 120 நஷ்டம்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பதிவிலும் அளவோடு அன்று கொடுத்த விலையையும் தொகையையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். விலை அட்டவணை அறிவித்த விலையைக் காட்டும். இப்பதிவோ உண்மையில் கொடுத்த விலைக்குச் சாட்சியாக நிற்கும்.

மூன்றாவதாக, வரி வீதத்திற்கும் இதுவே விதி. நெய்யின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 22-9-2025 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாயிற்று. அதற்கு முந்திய பட்டியல்களில் 12 சதவீதமே நிலைத்திருத்தல் வேண்டும்.

நான்காவதாக, பிழை நேர்ந்தால் அழித்து எழுதாது, எதிர்ப்பதிவு இட்டுத் திருத்துக. திருத்தியவர் பெயரும் நாளும் பதிவாகட்டும்.

ஒரு சோதனை

ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் தத்தம் சங்கத்தில் ஒன்று செய்து பார்க்கலாம். விலை உயர்வுக்கு முந்திய பழைய ரசீது ஒன்றை எடுத்துச் சென்று, அதே கணக்கைக் கணினியில் அச்சிட்டுத் தருமாறு கேளுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒவ்வாதிருப்பின், அடுத்த விலை மாற்றம் வருமுன் முறையைச் சீர்செய்தல் நம் கடமையாகும்.