தோட்டாவுக்கு நாள் குறிப்பது யார்?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்போம். பலர் வங்கிக் காவலுக்கும் பணம் ஏற்றும் வேனுக்கும் போகிறார்கள். அந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள், வெடிமருந்துக் கிடங்கில் தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், இப்ப வர்ற தோட்டா ரெண்டு வருஷத்துல தானா செத்துப் போயிடுமாமே? திரும்பத் திரும்ப வாங்கணும்னு அப்படித்தான் செய்யறாங்களாமே?" என் பதில் இது.

1. அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடு. இது இங்கே பிறந்த புரளியும் இல்லை. 2008-ல் ஒபாமா ஜெயித்த சமயம் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் தோட்டாவுக்குப் பெரும் தட்டுப்பாடு. குறிப்பிட்ட காலத்தில் செயலிழக்கும் கேப்பை (தோட்டாவின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் பகுதி) போட்டு விற்க அரசாங்கமே வைக்கப்போகிறது என்ற பேச்சும் அப்போது சுற்றியது. அப்படி ஒரு தோட்டா வரவே இல்லை. யோசித்துப் பார், தம்பி. நம் ஊரில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. அந்த உரிமத்தையும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உன் துப்பாக்கியை ஓயவைக்க அரசாங்கம் ரசாயனத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை; புதுப்பிக்காமல் விட்டாலே போதும்.

2. தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். கூடு, கேப், மருந்து, ரவை, இவைதான் முக்கியம். இதில் மெல்ல மெல்லக் கெடுவது மருந்து. அது நைட்ரோசெல்லுலோஸ், நாள்பட நாள்படத் தானே சிதைந்து அமில வாயுவை விடும், அந்த அமிலம் சிதைவை இன்னும் விரட்டும். 1911-ல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 'லிபெர்தே' போர்க்கப்பல் வெடித்துச் சுமார் 300 பேர் செத்தது இப்படிக் கெட்ட மருந்தால்தான். அதனால்தான் மருந்தில் டைஃபினைல் அமீன் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். வெளிவரும் அமிலத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆக, தொழிற்சாலை சேர்ப்பது ஆயுளைக் கூட்டும் சரக்கு, குறைக்கும் சரக்கு இல்லை. நூறாண்டுக்கும் மேலாக நம் நீலகிரி அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையின் தொழிலே இந்த மருந்துதான்.

3. பெட்டியில் போட்ட ஆயுள் காலம், சாவு தேதி இல்லை. ஒழுங்காக வைத்திருந்தால் இத்தனை வருஷம் சொன்னபடி வேலை செய்யும் என்று தயாரித்தவர் கொடுக்கும் வாக்கு அது. படையில் அந்தக் காலம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடுவதில்லை. லாட் (ஒரே தடவையில் செய்த தொகுதி) வாரியாக மாதிரி எடுத்து, மருந்தைச் சூடாக்கிச் சோதித்து, சுட்டும் பார்ப்பார்கள். தேறினால் ஆயுள் நீளும். தேறாவிட்டால் அந்த லாட் முழுவதையும் ஒதுக்கி அழிப்பார்கள். இதற்கென்றே ஜபல்பூரில் படித்து வந்த ஆட்கள் உண்டு. உன்னிடம் அந்தச் சோதனைக்கூடம் இல்லை. எனவே காலம் கடந்ததை நீயாகத் தேறியது என்று சொல்லாதே, செத்தது என்றும் சொல்லாதே.

4. "காலாவதி ஆயிடுச்சு, வெடிக்காது" என்று ஒருநாளும் நினைக்காதே. இந்தப் புரளி விளைவிக்கும் பெரிய கெடுதல் இதுதான். காலாவதி என்றால் விளையாட்டுப் பொருள் என்று ஆகிவிடுகிறது. பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள், சாவிக் கொத்தில் மாட்டுகிறார்கள். 2018 ஜூனில் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில், கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டிய இடத்தில் பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தன. எண்பதுகளில் இலங்கைப் போராளிகள் புதைத்தவை என்றார்கள். கடலோரத்து உப்பு மண்ணில் முப்பது வருஷம் கிடந்த சரக்கு! ஆனாலும் போலீஸ் அந்த இடத்தைச் சுற்றி வளைத்து, வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்துத்தான் கையாண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தோட்டாக்கள், நன்றாக வைத்திருந்தவை, இன்றும் சுடுகின்றன. ரெண்டு வருஷக் கணக்கு எங்கே நிற்கிறது பார்.

5. வெயிலுக்குப் பயப்படு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் மருந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கத்திரி வெயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மூடி நிறுத்திய வேனுக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும். தோட்டாப் பையை அதன் டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதே. தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் அலமாரியும் வேண்டாம். உட்சுவர் ஓரம், நிழல், பூட்டு, இந்த மூன்றும் இருக்கும் இடம் பார்.

6. தண்ணீர் பட்டதைப் பிரித்து வை. 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்தது உனக்கே நினைவிருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய தோட்டாவை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பெட்டியில் போடாதே. கேப் ஓரத்திலும் வாய் மடிப்பிலும் ஈரம் புகுந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. அட்டைக் கூடு போட்ட பழைய சரக்கு மழைக்காலக் காற்றிலேயே ஊதிவிடும், குழலுக்குள் இறங்காது. இப்போது வரும் பிளாஸ்டிக் கூட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஊறுகாய் தேதியால் கெடுவதைவிட ஈரக் கரண்டியால் கெடுவதுதானே அதிகம்? தோட்டாவும் அப்படியே.

7. துப்பாக்கிக்கு எண்ணெய், தோட்டாவுக்குத் துணி. துப்பாக்கி துடைத்த எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொடாதே. எண்ணெய் கேப்புக்குள் கசிந்தால் அதைச் சாகடித்துவிடும். தோல் பெல்ட்டின் வளையத்தில் மாதக்கணக்கில் செருகி வைக்கும் பழக்கத்தையும் விடு. தோலைப் பதனிட்ட சரக்கு பித்தளையைத் தின்னும். அடிப்பக்கம் பச்சைக் களிம்பு படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் ஒட்டும். களிம்பு பித்தளையை அரித்திருந்தாலோ, கேப் பிதுங்கியிருந்தாலோ, கூடு வெடித்திருந்தாலோ அந்தத் தோட்டா வேலைக்கு ஆகாது.

8. அடிப்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள். கே.எஃப். என்றிருந்தால் புனே அருகே 1869-ல் தொடங்கிய கட்கி தொழிற்சாலை. 'சக்திமான்' பன்னிரண்டு போர் (12 bore) தோட்டா அங்கே செய்வதுதான். பெட்டியில் இருக்கும் லாட் நம்பரையும் ஆண்டையும் ஒரு நோட்டில் எழுது. பழையதை முதலில் பயிற்சிக்கு எடு, புதியதைக் காவலுக்கு வை. வேறு வேறு லாட்டை ஒரே பையில் கலக்காதே. நாளைக்கு ஒன்று சுடாமல் போனால் அதன் கூட்டாளிகள் யார் என்று தெரிய வேண்டும்.

9. ரேஞ்சில் விசையை அழுத்தி 'டிக்' என்று மட்டும் கேட்டால் உடனே திறக்காதே. தாமதமாகப் பிடிக்கும் கேப்பும் உண்டு. குழலை இலக்கை நோக்கியே வைத்து ஒரு நிமிஷம் பொறு. பிறகு முகத்தை விலக்கித் திற. 'புஸ்' என்று சத்தம் வந்து உதை குறைவாக இருந்தால் அதைவிட ஆபத்து. அடுத்ததைப் போடாதே, தோட்டாவை எடுத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து குழலைப் பார். உள்ளே அடைப்பு இருக்க மறுமுறை சுட்டால் குழல் பிளக்கும்.

10. வேண்டாததை ஒப்படை. பள்ளிக்கரணைக் குப்பையிலும், ஏரியிலும், அடுப்பிலும் போடாதே. பிரித்து மருந்தைக் கொட்டவும் செய்யாதே. மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடு, உரிமக் கணக்கில் எழுதிப் போலீஸ் வழியாகப் போகட்டும். படைகள் சுட்டுப் பயிலும் அனுமந்தபுரம் ரேஞ்ச் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவை: காட்டில் கிடக்கும் எந்த இரும்பையும் காயலான் கடைக்கு எடுத்துப் போகக் கூடாது. வெடிக்காத குண்டுக்கு எடை பார்க்கிறவன் உயிரை வைத்து வியாபாரம் செய்கிறான்.

தோட்டாவுக்கு நாள் குறிப்பது சூடும் ஈரமும் வைத்திருப்பவனின் அலட்சியமும்தான். புரளியை நம்பிப் புதுசு வாங்க ஓடாதே, புரளியை நம்பிப் பழசை எறியவும் எறியாதே. இந்த வாரமே உன் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் புரட்டிப் பார். சந்தேகம் ஒன்று வந்தாலும் அதைத் தனியே எடுத்து வைத்து, அன்றைக்கே எழுதிக் கொடு.