பத்து ரூபாய்க் குஞ்சும் நாற்பது வாட் பல்பும்

சென்னை மந்தைவெளியில் ஒரு பள்ளி வாசல். சைக்கிள் கேரியரில் கூடை கட்டி, பச்சையும் ரோஸும் மஞ்சளுமாகச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளை ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று பத்து ரூபாய். மகன் அடம் பிடித்ததால் நான்கு வாங்கினேன். மார்கழி மாதம் அது. ஷூ டப்பாவில் பழைய துணி விரித்து, அரிசி தூவி, வராந்தாவில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மூன்றாம் நாள் காலையில் நான்கும் விறைத்துக் கிடந்தன. அப்போது குழந்தை கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். "பசியில சாகலம்மா, குளிர்ல செத்திருக்கு" என்றார். அதன் பிறகு மூன்று முறை குஞ்சு வாங்கி, எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே முட்டையிடும் வரை வளர்த்துவிட்டேன். எங்கே சிக்கனம் பார்க்கலாம், எங்கே பார்க்கவே கூடாது என்று அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

1. தெருவில் விற்கும் சாயக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் ஆண் குஞ்சுகள். பண்ணைகளுக்குப் பெட்டை மட்டும்தான் தேவை. அதனால் பொரித்த அன்றே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவார்கள். ஆண் குஞ்சு முட்டையிடாது, கறிக்கோழி போலச் சதையும் போடாது என்பதால் மிக மலிவாகக் கழித்துவிடப்படுகிறது. கூவும் சேவல் ஒன்றுதான் வேண்டும் என்றால் சரி. முட்டைக்காக என்றால் அந்தக் கூடையின் பக்கமே போக வேண்டாம்.

2. எங்கே வாங்கலாம்? தி. நகரையும் மயிலாப்பூரையும் ஒட்டிய நந்தனத்தின் பெயரில் ஒரு கோழி இனமே இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் நந்தனத்தில் இருந்த காலத்தில், புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே உருவாக்கிய இனங்களுக்கு 'நந்தனம் கோழி' என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். ஆராய்ச்சி நிலையம் பின்னர் மாதவரம் பால் பண்ணைப் பகுதிக்குப் போய்விட்டது. அங்கே போனவுடன் குஞ்சு கையில் கிடைத்துவிடும் என்று நினைக்காமல், முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வரும். ஆனால் அங்கே பல ஊர்க் கோழிகள் ஒன்றாகக் கூடுகின்றன. சந்தையில் வாங்கியவற்றை, வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் இரண்டு வாரம் தனியாக வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

3. குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண் பளிச்சென்று திறந்திருக்க வேண்டும். தொப்புள் மூடிக் காய்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. கீழே விட்டால் தானாக எழுந்து நிற்க வேண்டும். சோர்ந்து கண்ணை மூடுகிற குஞ்சை இரக்கப்பட்டு வாங்கினால் மற்றவற்றுக்கும் ஆபத்து.

4. ஒற்றைக் குஞ்சு வாங்காதீர்கள். துணையில்லாத குஞ்சு கத்திக் கத்தியே ஓய்ந்துவிடும். சிறிய வீட்டுக்கு ஆறு போதும். பிரிக்காத குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வரும். நான்கு மாதத்தில் அவை விடியுமுன் கூவத் தொடங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அசோசியேஷனிடமும் பக்கத்து வீட்டாரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். தனி வீடோ, உங்கள் பொறுப்பில் உள்ள மொட்டைமாடியோ இல்லையென்றால் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது. மூன்று மாதம் வளர்த்து, சண்டை வந்து, யாரிடமோ தள்ளிவிடுவதில் யாருக்கும் நன்மையில்லை.

5. சென்னைக்கு ஏற்ற மாதம் தை. பொங்கல் முடிந்து வாங்கினால் மழை ஓய்ந்திருக்கும், தரை காய்ந்திருக்கும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகளுக்கு இறகு முளைத்து உடம்பு தேறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஈரம், குளிர், மின்வெட்டு மூன்றும் சேர்ந்து வரும்.

6. இனி வெப்பம். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பொரித்த குஞ்சின் உடம்பில் இருப்பது பஞ்சு மட்டுமே. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு இன்னும் வரவில்லை. தாய்க்கோழி இறக்கைக்குள் வைத்துக் கொடுக்கும் சூட்டை நாம்தான் கொடுத்தாக வேண்டும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ், அதன் பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். மார்கழி, தை இரவுகளில் சென்னையில் 20, 21 டிகிரிதான் இருக்கும். நமக்கு இதமான அந்தக் காற்று குஞ்சுக்கு எமன்.

வேண்டியது ஒரு 40 வாட் குண்டு பல்ப். எல்.இ.டி. பல்ப் உதவாது. அது வெளிச்சம் கொடுக்கும், சூடு கொடுக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். மின்சாமான் கடையில் 'பழைய குண்டு பல்ப்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். குஞ்சுகள் இருக்கும் பெட்டிக்குக் குறுக்கே ஒரு கம்பு வைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். வயரை மட்டும் நம்பாமல் கட்டுக்கம்பியாலும் இறுகக் கட்டுங்கள். அட்டையிலோ துணியிலோ பல்ப் படவே கூடாது, தீப்பிடிக்கும்.

சூடு சரியாக இருக்கிறதா என்று குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கீச்சிட்டால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். சுவரோரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். பெட்டி முழுக்கப் பரவலாகப் படுத்து, மேய்ந்து, சத்தமில்லாமல் இருந்தால் சரியான சூடு. படுக்கப் போகும் முன் ஒரு முறை, நடு இரவில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கரண்டு செலவுக்குப் பயப்பட வேண்டாம். 40 வாட் பல்ப் இரவு 10 மணி நேரம் எரிந்தால் 0.4 யூனிட். மூன்று வாரத்துக்கும் சேர்த்து எட்டரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மின்வெட்டு வந்தால், வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள்.

7. அடைக்கோழியோ, குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழியோ கிடைத்தால் பல்பே வேண்டாம். நம் ஊர்ச் சிறுவிடைக் கோழி குஞ்சைக் காப்பதில் கெட்டிக்காரி. ஒரு பஞ்சாரம் வாங்கிக் கவிழ்த்துவிட்டால் இரவு வேலை முடிந்தது.

8. பெட்டிக்குக் காசு செலவழிக்காதீர்கள். டி.வி., வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி போதும். ஒரு குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் அரை சதுர அடி, பிறகு ஒரு சதுர அடி. தரையில் இரண்டு அங்குலம் உமியோ நொறுக்கிய கடலைத்தோலோ பரப்புங்கள். முதல் நான்கு நாள் அதன்மேல் சாக்கோ வரிவரியான அட்டையோ விரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தீவனம் என்று நினைத்து உமியைத் தின்னும். வழவழப்பான செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் வழுக்கி விரிந்துகொள்ளும். அப்படி விரிந்த கால் சில குஞ்சுகளுக்குச் சரியாவதே இல்லை.

9. வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. காய்ச்சி ஆறிய நீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் மெதுவாக ஒரு முறை நனைத்துவிடுங்கள். குடிக்கக் கற்றுக்கொள்ளும். பொரித்த குஞ்சு வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவின் பலத்தில் இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால் வழியில் தீனி இல்லாதது பெரிய குறையில்லை. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும். அதில் கோலிக்குண்டோ கூழாங்கல்லோ போட்டால் குஞ்சு விழுந்து மூழ்காது.

10. எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனத்தையே கொடுங்கள். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். வெறும் நொய்யும் சோறும் வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் போதாது. இறகு முளைக்காமல் நோஞ்சானாகிவிடும். ஒரு குஞ்சு எட்டு வாரத்தில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ தின்னும். ஆறு குஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. மலிவாக வருகிறதே என்று மூட்டையாக வாங்கினால் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை நஞ்சு குஞ்சின் ஈரலைக் கெடுத்துக் கொன்றுவிடும். இரண்டிரண்டு கிலோவாக வாங்கி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து கீரையைப் பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். முருங்கைக்கீரை நல்லது. மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டிலும் சைதாப்பேட்டை மார்க்கெட்டிலும் கழித்துப்போடும் கோஸ் இலையைக் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவிப் போடலாம். உப்புப் போட்ட கருவாடு, மிஞ்சிய சாம்பார், ஊறுகாய் கூடவே கூடாது. குஞ்சுக்கு உப்பு விஷம்.

11. அடையாறு பக்கம் தோட்டத்தோடு வீடு இருப்பவர்களுக்குக் கிராமத்து முறை ஒன்று. பழைய மண்பானையில் கிழிந்த கோணிச் சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். விடியும்போது பானைக்குள் கரையான் ஏறியிருக்கும். அதைவிட நல்ல புரதம் காசுக்கும் கிடைக்காது.

12. தடுப்பு மருந்து. வெள்ளைக்கழிச்சல் அல்லது கோழிக்கழிச்சல் நோய்க்கு ராணிக்கேத் என்று பெயர். இன்றைய உத்தராகண்டில் இருக்கும் ராணிக்கேத் ஊரில் 1920களில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். வந்தால் கொட்டிலே காலியாகும், வந்த பின் மருந்து கிடையாது. 7ஆம் நாள் லசோட்டா அல்லது எஃப்1 தடுப்பு மருந்து ஒரு சொட்டு கண்ணிலோ மூக்கிலோ, 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, 28ஆம் நாள் மீண்டும் லசோட்டா, எட்டாவது வாரம் இறக்கையில் ராணிக்கேத் ஊசி. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுக்கும் பழக்கம் இருந்தால் கொடுங்கள், ஆனால் அது தடுப்பு மருந்துக்கு மாற்றாகாது.

சின்ன அளவில் வளர்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மருந்துக் குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும்தான் வரும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆறு குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைப்பது வீண். அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களோடு பேசி ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள், செலவு பங்காகிவிடும். குப்பியை ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

13. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக்கழிச்சல். ஈர உமியில் வளரும் கிருமியால் வருவது. அன்றே மருத்துவரிடம் காட்டி, தரையையும் மாற்றுங்கள். உமியைத் தினமும் ஒரு முறை கிளறிவிட்டாலே பாதி பிரச்சினை வராது.

14. பூனை, பெருச்சாளி, காகம், கீரி நான்கும் நம் பகுதியில் உண்டு. இரவில் பெட்டிக்கு மேல் கம்பி வலையும் அதன்மேல் கல்லும் வையுங்கள். பெரிய துளையுள்ள கோழிவலை போதாது, எலிக்குஞ்சு நுழையும். அரை அங்குல வலை வாங்குங்கள்.

15. அக்னி நட்சத்திர நாட்களில் மொட்டைமாடிக் கூண்டு அடுப்பாகிவிடும். ஓலைக் கூரை, ஈரச் சாக்கு, நாளுக்கு மூன்று முறை குளிர்ந்த தண்ணீர். முடிந்தால் கீழே நிழலுக்கு இறக்கிவிடுங்கள்.

16. குஞ்சைத் தொட்ட பிறகு குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுக்க விடாதீர்கள். வயிற்றுப்போக்குக் கிருமி அதன் இறகிலும் காலிலும் இருக்கும்.

17. கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் குப்பைத்தொட்டியில் போடவோ சமைக்கவோ கூடாது. 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணில் சொல்லுங்கள்.

18. இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டில் ஒரு சாயக் குஞ்சு டப்பாவுக்குள் கத்திக்கொண்டிருக்கலாம். அதன் சாயத்தைக் கழுவுகிறேன் என்று குளிப்பாட்டாதீர்கள். நனைந்தால் அன்று இரவே போய்விடும். இறகு முளைக்கும்போது சாயம் தானே உதிரும். வெல்லத் தண்ணீர் காட்டுங்கள், தீவனம் வரும் வரை பொடித்த நொய் வையுங்கள். கடை மூடுவதற்குள் யாரையாவது அனுப்பி ஒரு 40 வாட் குண்டு பல்ப் வாங்கி, இன்று இரவே போட்டுவிடுங்கள்.