சலங்கை அப்புறம் வாங்கலாம்

நோர்வூட்டில் பிள்ளையைப் பரத வகுப்பில் சேர்க்க வரும் அம்மாமார் எடுத்த எடுப்பில் கேட்பது சலங்கையைத்தான். "டீச்சர், சலங்கை இப்பவே வாங்கிடவா?" மலையிலிருந்து நேராக வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் கேட்பவர்களும் உண்டு. இப்போது வேண்டாம், நல்ல நூல் துணியில் இரண்டு பஞ்சாபி தையுங்கள் என்பேன். அவர்கள் முகம் வாடிவிடும், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1350 ரூபா ஆனது. நடன உடுப்பு, நகை செட், சலங்கை மூன்றையும் ஒன்றாக வாங்கினால் எத்தனை நாள் கொழுந்து பறித்த காசு போகும்! மேடைக்குச் செலவழிக்குமுன் வகுப்புக்குச் செலவழியுங்கள்.

வகுப்பு உடுப்பு ஆசிரியருக்கு முழங்காலைக் காட்ட வேண்டும். பாதி அமர்ந்து ஆடும் அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் விரியாமல் முன்னால் சரிந்தால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும். தொளதொளப்பான பாவாடைக்குள் அது நடந்தால் எனக்குத் தெரியாது. பாலே வகுப்பில் உடம்போடு ஒட்டிய உடுப்பைக் கேட்பதும் இதற்காகத்தான். 1936இல் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவிகூட, அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே பழகிவிட்டுத்தான் பரதத்துக்கு வந்தார்.

ஆகவே மேற்சட்டை தொடையின் பாதியோடு நிற்கட்டும், இரு பக்கமும் வெட்டு இருக்கட்டும். காற்சட்டை கணுக்காலுக்கு மேலே முடிய வேண்டும். ஷாலைத் தோளிலிருந்து குறுக்கே இறக்கி, இடது இடுப்பில் இறுக்கி முடியுங்கள். இடுப்பு அசைந்தால் அந்த முடிச்சு காட்டிக்கொடுத்துவிடும். ஊசி குத்த வேண்டாம், குதிக்கும்போது திறந்துகொள்ளும். வளர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சிச் சேலை வேண்டுமென்றால் பாட்டியின் பழைய நூல் சேலையே போதும். உயரத்துக்கு ஏற்ப அகலத்தைக் குறைத்து ஓரம் அடித்துவிட்டால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்.

எங்கள் ஊர்க் குளிருக்கென்று சில விஷயம் இருக்கிறது. கொழும்பில் வாங்கி வரும் பளபளப்பான பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. ஆடி முடித்த பிள்ளை வெளியே பனிமூட்டத்தில் இறங்கியதும் நடுங்கிப்போகும். நூல்தான் நல்லது. வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் நூல் துணி லேசில் காயாது என்பதால்தான் இரண்டு செட் கேட்கிறேன். வரும் வழியில் உடுத்திய துணியோடு ஆடவிடாதீர்கள். பயிற்சி உடுப்பைச் சொப்பிங் பையில் சுற்றி எடுத்து வந்து இங்கே மாற்றட்டும். மாற்றும்போது அட்டை ஏறியிருக்கிறதா என்று காலையும் பார்த்துக்கொள்ளலாம்.

சுவெட்டர் முன்பக்கம் பொத்தான் வைத்ததாக இருந்தால், உடம்பு சூடானதும் பின்னல் கலையாமல் கழற்றலாம். காலுறை ஆடத் தொடங்கும்வரைதான். காலுறையோடு சீமெந்துத் தரையில் தட்டினால் வழுக்கும், தட்டின் சத்தமும் கேட்காது. பழைய கம்பளிக் காலுறையின் பாதப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கெண்டைக்கால்வரை ஏற்றிவிடுங்கள். தசை சூடாக இருக்கும், பாதமும் வெறுமையாக இருக்கும். நான் சொல்வதில் காசே செலவில்லாத யோசனை இது, பலன் அதிகம். குளிர்ந்த சீமெந்தில் எடுத்தவுடன் மூன்றாம் கால வேகத்தில் தட்டடவு போட்டால் கணைக்கால் எலும்பு வலிக்கும். வீட்டில் பழகும்போது அம்மாமார் இதைக் கவனிக்க வேண்டும்.

தொங்கும் ஜிமிக்கியும் கண்ணாடி வளையலும் வகுப்புக்கு வேண்டாம்.

இனிச் சலங்கை. வெறும் பாதத்தின் தட்டு தெளிவாகக் கேட்கும்வரை அதைக் கட்டக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கட்டிவிட்டால் சோம்பலான தட்டும் மணிச் சத்தத்தில் மறைந்துபோகும். அடவுகள் படிந்த பிறகு வாங்கப் போனால், ஒவ்வொரு மணியையும் விரலால் இழுத்துப் பாருங்கள். தோலில் இறுக்கித் தைத்ததா, பேருக்குக் கோத்ததா என்று தெரிந்துவிடும். காதருகே குலுக்குங்கள், உள்ளே குண்டு இல்லாத மணி ஊமையாக இருக்கும். சலங்கை கணுக்கால் எலும்பின் மேல் உட்காராமல் அதற்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கால் தோல் உரசாமலிருக்க அடியில் ஒரு நூல் துணிப் பட்டி சுற்றுங்கள். இந்த ஈரத்தில் சலங்கைத் தோல் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். ஆடி முடித்ததும் துடைத்து, காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். புளி போட்டு மணியைத் துலக்குகிறவர்கள் தோலை நனைக்காமல் துலக்க வேண்டும்.

ஆண் பிள்ளைகளை அனுப்பத் தயங்க வேண்டாம். மாசியில் தோட்டத்துக் காமன் கூத்தில் ஆண்கள் ஆடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வகுப்புக்கு ஒரு காற்சட்டை, ஒரு பெனியன், இடுப்பில் கட்ட ஒரு துண்டு போதும்.

தமிழ் மொழித் தினப் போட்டி வந்தால் நடன உடுப்பை வாடகைக்கு எடுங்கள், வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு இன்று தைத்தது அடுத்த போட்டிக்குப் பிடித்துவிடும். தைத்தே ஆக வேண்டுமென்றால் பக்கத் தையலில் தாராளமாகத் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். வாடகையோ சொந்தமோ, கண்ணாடி முன் நிற்கவைத்துப் பார்த்தது போதாது. அரைமண்டியில் இருத்தி முன்பக்க விசிறி மடிப்பு முழுதாக விரிகிறதா, முழுமண்டியில் இருத்தித் தொடைத் தையல் இழுக்கிறதா, கை தூக்கினால் ரவிக்கை மேலே ஏறுகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.