பெயரும் பிறப்பிடமும்

மண்ணினின்று கிடைத்த பழம்பொருளிற் பெயரொன்று காணப்படின், அப்பெயரினனே அதனைச் செய்தோன் எனத் துணிதல் சாலாது. 2003ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டபோட்ஷயரில், உலோகங்காட்டுங் கருவிகொண்டு தேடினோர், எனாமல் இழைத்த உரோமர்காலத்து வெண்கலக் கிண்ணமொன்றைக் கண்டெடுத்தனர். அதில் நான்கு கோட்டைகளின் பெயர்கள் இலத்தீனிற் பொறிக்கப்பட்டுள. அவை, கி.பி. 122 அளவில் ஹேட்ரியன் என்னும் பேரரசன் அவ்விடத்திற்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வடக்கே எழுப்பத் தொடங்கிய மதிலைச் சார்ந்தவை. ஆதலின், கிண்ணம் கிடைத்தவிடம் வேறு. அது குறிக்கும் இடம் வேறு.

‘திராக்கோவினது’ எனப் பொருள்படுஞ் சொல்லும் அதிலுண்டு. ‘கம்பரது நூல்’ என்புழிச் செய்தோனையும், ‘மாணாக்கனது நூல்’ என்புழி உடையோனையும் ஆறாம் வேற்றுமை உணர்த்துதலை நாமறிவோம். இங்கும் அவ்வையமே எழும். திராக்கோ கம்மியனோ உடையோனோ எனத் துணிதற்கில்லை.

கண்டோர் முறைப்படி அறிவித்தமையாற் கிடைத்தவிடமேனும் பதிவில் நிலைத்தது. இடம் மறைத்து விற்கப்படும் பொருளோ பாதி ஊமையாகும்.