வில்வக் கன்றுக்குக் கயிறு கட்டலாமா?

வேலூர் மாவட்டம் திருவலம் வில்வநாதேஸ்வரர் ஆலயத்தின் தல விருட்சம், வில்வம். அதை வீட்டில் வளர்க்க ஆசையா? வெயில் படும், தண்ணீர் தேங்காத இடத்தில் 2 அடிக் குழி எடுத்து, மக்கிய தொழு உரத்தை மண்ணோடு கலந்து, வேர்மண் உதிராமல் நடுங்கள். அருகில் குச்சி ஊன்றி, பழைய பருத்தித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

வேண்டுதலுக்காக இளங்கன்றில் மஞ்சள் கயிற்றை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! தண்டு பருக்கப் பருக்கக் கயிறு பட்டையை அறுக்கும், இலைகள் தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்காது, கன்று பட்டுப்போகும். கற்பூரத்தையும் தள்ளியே ஏற்றுங்கள்.

கயிறு கட்டாவிட்டால் வேண்டுதல் பலிக்காதோ என்ற கவலை வேண்டாம். வாடிய வேருக்கு வார்க்கும் ஒரு குடம் நீரும் அபிஷேகம்தான்!