தூங்கி எழுந்தும் அசதியா?

ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கியும், வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்குள் உடம்பு ஓய்ந்துபோகிறதா? வாரக்கணக்கில் இப்படி இருந்தால் நாள் கடத்தாதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தசோகையை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது.

கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். வெளுத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். சிவந்திருந்தாலும் ரத்தம் பார்ப்பதே நிச்சயம். புதுச்சேரி கரிக்கலாம்பாக்கம்வாசிகளுக்கு அதற்கு ஊரிலேயே சமுதாய நலவழி மையம் இருக்கிறது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. கூடவே சர்க்கரை, தைராய்டு பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், டீ, காபி, பாலோடு விழுங்காதீர்கள்; சத்து உடம்பில் ஒட்டாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழியலாம், நெல்லிக்காய் சேர்க்கலாம். மாத்திரையால் மலம் கறுத்தால் பயம் வேண்டாம். மாத்திரை சாப்பிடாமலே கறுத்தாலோ, மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமானாலோ உடனே காட்டுங்கள். மனசும் பாரமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல் இருக்கிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். இருந்தால், எத்தனை மணி நேரம் தூங்கினாலும் அசதி தீராது. காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.