முதலில் வண்டியை எடு

இரவு ஒன்பது மணிக்கு மேல் என் போன் அடித்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ண்ணா, இப்பத்தான் ட்யூட்டி முடிச்சு இறங்கினேன். மறுபடி பெங்களூர் போகச் சொல்றாங்க. எடுக்கறதா, வேண்டாமா?"

தர்மபுரி மாவட்டத்துப் பேருந்துப் பணிமனை ஒன்றில் ஓட்டுநராகவும் சங்கக் கிளைச் செயலாளராகவும் இருந்தவன் நான். எந்தப் பணிமனை, எந்தச் சங்கம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பெரும்பாலும் நான் சொன்ன பதில்: "எடு தம்பி. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு காகிதத்தில எழுதிக் கொடுத்துட்டு எடு." சங்கச் செயலாளர் நிர்வாகத்தின் ஆளைப் போலப் பேசுகிறாரே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

காரணம் எளிது. சட்டப்படியான, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுவது ஒழுங்கீனம் என்று நிலையாணைகள் சொல்கின்றன. அந்த உத்தரவு சட்டப்படியானதா என்பதை ராத்திரி ஒன்பது மணிக்கு, வெறும் வயிற்றோடு நிற்கிற ஓட்டுநர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதே கேள்வியை விசாரணை அதிகாரி ஆறு மாதம் கழித்து, கோப்பைப் புரட்டிக்கொண்டு முடிவு செய்வார். ஓட்டுநரின் கணக்கு தப்பினால் போவது வேலை. நிர்வாகத்தின் கணக்கு தப்பினால் போவது பணம். அதைப் பின்னால் வாங்கிவிடலாம். வேலையை மீட்க சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் கையில் இருந்த ஆயுதம் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்கும் வரை தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு. நீண்ட தூர வழித்தடத்துக்கும் திருவிழாக் காலத்துக்கும் அனுமதி பெற்று 10 மணி, 54 மணி வரை போகலாம். அந்தத் திருவிழா விலக்குதான் எங்கள் ஊர்ப் பக்கம் ரப்பர் மாதிரி இழுபடும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் சிறப்புப் பேருந்து என்று தொடங்குவது, ஆடி முடிந்த பிறகும் ட்யூட்டி சார்ட்டில் உட்கார்ந்திருக்கும். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்டன. இப்போது பணியில் இருப்பவர்கள் பழைய பிரிவு எண்ணை மேற்கோள் காட்டி மனு எழுத வேண்டாம். நேரத்தையும் நடந்ததையும் எழுதினாலே போதும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "பழிவாங்கும் நோக்கோடு", "சர்வாதிகாரப் போக்கு" என்றெல்லாம் ஆரம்பித்தால் அந்த மனுவுக்கு மதிப்பு அங்கேயே முடிந்தது. காலை எத்தனை மணிக்கு வண்டி எடுத்தேன், எத்தனை மணிக்கு இறங்கினேன், மறுபடி போகச் சொன்னது யார், எத்தனை மணிக்குச் சொன்னார், ஆட்சேபத்துடன் இந்தப் பணியைச் செய்கிறேன். இவ்வளவுதான். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து போட மறுத்தால் மறுநாளே பதிவுத் தபால். கூட வந்த நடத்துநரின் பெயரைக் குறித்து வை. ட்ரிப் ஷீட்டைப் படம் எடுத்து வை.

எழுதாமல் எடுப்பவருக்குத்தான் இந்த அறிவுரை விஷம். ஒரு வருடம் வாய் திறக்காமல் டபுள் ட்யூட்டி பார்த்தால், "இந்தப் பணிமனையில் இதுதான் வழக்கம்" என்று விசாரணையில் அழகாகச் சொல்வார்கள். பணி நிலைமையை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவு இருந்தது. நாமே வழக்கமாக்கிக் கொடுத்த பிறகு எந்த மாற்றத்துக்கு அவர்கள் முன்னறிவிப்பு தருவார்கள்? இதில் நம் ஆட்களின் பங்கும் உண்டு. அரூர்ப் பக்கம் உள் கிராமத்திலிருந்து வருகிற ஓட்டுநருக்கு இரண்டு ட்யூட்டியைச் சேர்த்துப் பார்த்துவிட்டு மறுநாள் வீட்டில் இருப்பது வசதி. ஓ.டி. பணத்தை நம்பி வட்டி கட்டுகிறவரும் இருக்கிறார். நான் ஆட்சேபித்தபோது என்னை முதலில் திட்டியது கிளை மேலாளர் அல்ல, அவர்கள்தான்.

இனி, எடுக்கக் கூடாத இடம். தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இறக்கத்தில் பிரேக் சரியில்லாத வண்டியும் கண் சொக்கிய ஓட்டுநரும் ஒன்றுதான். உரிமை மட்டும் அடிபடுகிறது என்றால் எடு. உயிர் அடிபடும் என்றால் எடுக்காதே. விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் ஓட்டுநர் பெயர் இருக்கும், போகச் சொன்னவர் பெயர் இருக்காது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106. "மேலே சொன்னாங்க" என்பது அங்கே செல்லாது.

மறுப்பதிலும் முறை இருக்கிறது. "முடியாது" என்ற சொல் வாயில் வரக் கூடாது. "பணிக்குத் தயார். ஆனால் தூக்கமில்லாமல் பாதுகாப்பாக ஓட்டும் நிலையில் இல்லை. மாற்று ஓட்டுநர் போடுங்க, காலை முதல் வண்டி நான் எடுக்கறேன்." அதையும் எழுதிக் கொடு. கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதே, ஓய்வறையிலேயே படு. போனால் ஆப்சென்ட் போட்டு, வழக்கைக் களைப்பிலிருந்து வருகைப் பதிவேட்டுக்கு நகர்த்திவிடுவார்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரே இரவில் மறுக்கவும் கூடாது. அது முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தமாகிவிடும்.

இல்லாத காய்ச்சலைச் சொல்வதும் வேண்டாம். மருத்துவச் சான்று பொய் என்று தெரிந்தால் நியாயமான களைப்பும் பொய்யாகிவிடும். ஆனால் ஓட்டுநர் ஏன் காய்ச்சல் என்கிறார்? களைப்பு என்று எழுத நம் படிவங்களில் கட்டமே கிடையாது. விமானிகளுக்கு உண்டு, களைப்பு அறிக்கை கொடுத்து விலகலாம். அமெரிக்க விமானிகள் சங்கங்களும் தகராறான பணியை முதலில் செய், பிறகு முறையிடு என்றுதான் உறுப்பினர்களுக்குச் சொல்கின்றன. பாதுகாப்பும் களைப்பும் அதற்கு விலக்கு. நம் நாட்டில் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்து விதி வந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ அதற்கேற்ற ஆள் பலம் இல்லாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விதி தளர்ந்தது, பயணிகள் பெட்டியோடு நின்றார்கள். கடைசியில் அங்கும் ஆள் கணக்குதான்.

அதனால் இப்போது கிளைப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, ஆடிப்பெருக்கு, தீபாவளி, பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பே ட்யூட்டி சார்ட்டை வாங்கிப் பார்த்து, ஓய்வு நேரம் எங்கே உடைகிறது என்று குறித்துக் கிளை மேலாளரிடம் போய் உட்காருங்கள். கத்த வேண்டாம். நான் கொடுத்த ஆட்சேப மனுக்களை ஒரு மேலாளர் தனிக் கோப்பில் போட்டு வைத்திருந்தார். எனக்கு எதிராகத்தான் சேர்க்கிறார் என்று நினைத்தேன். "ஆள் கேட்டு மேலே எழுதறப்ப இதைத்தான்ங்க இணைச்சு அனுப்பறேன், நிறுத்திடாதீங்க" என்றார்.